பேஸ்பால் எறிவது: என் பந்து மட்டும் ஏன் ஆள் தலைக்கு மேலே போகிறது?

வலதுகளம் | 3 மார்ச், இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். வயது 36. சின்ன வயதில் பந்து பக்கமே போகாத ஆள். ஆட்டத்துக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியில் ஒருவன் மிஞ்சுவானே, அது நான்தான். ஆறு மாதம் முன்பு ஞாயிற்றுக்கிழமை பேஸ்பாலுக்கு ஆள் குறைகிறது என்று அலுவலக நண்பர்கள் இழுத்துப் போனார்கள். அடிப்பது ஓரளவு வந்துவிட்டது. பிடிப்பதும் பரவாயில்லை. எறிவது மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

20 அடியில் நிற்பவருக்கு ஒழுங்காகப் போகிறது. 60 அடி தாண்டினால் பந்து அவர் தலைக்கு மேலே, அதுவும் என் வலது கைப் பக்கமாக விலகிப் பறக்கிறது. நான் வலது கைக்காரன். போன வாரம் ஒரே ஆட்டத்தில் மூன்று முறை ஃபர்ஸ்ட் பேஸ்காரர் (அடித்தவன் முதலில் ஓடிவந்து தொட வேண்டிய முனை ஃபர்ஸ்ட் பேஸ், அங்கே நிற்பவர்) தலையைத் தாண்டி வேலியில் போய் மோதியது. மூன்றாவது முறை அவர் குதிக்கக்கூட இல்லை. பந்து என் கையை விட்டதுமே திரும்பி வேலியைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். இப்போது என்னை ரைட் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வலது கோடியில், தள்ளிவிட்டு, "பந்து வந்தால் எறியாதே, ஓடி வந்து கையில் கொடு" என்று சொல்லியிருக்கிறார்கள்.

பயந்து மெதுவாக எறிந்தால் பாதி வழியில் தரையில் குத்துகிறது. வேகமாக எறிந்தால் வேலி. நடுவில் ஒன்றும் கிடையாது. மறுநாள் முழங்கையின் உள்பக்கம் வலி வேறு.

யூடியூபில் பார்த்த வீடியோக்கள் எல்லாம் பிட்சர்களுக்கானவை, அதாவது நடுவே மேட்டில் நின்று அடிப்பவருக்குப் பந்து போடுபவர்களுக்கு. காலைத் தூக்கு, மேட்டிலிருந்து இறங்கு என்று போகிறது. எனக்கு வேண்டியது அதற்கும் முந்தைய பாடம். யாராவது அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுங்களேன்.

பழைய_கேட்சர் | 3 மார்ச், இரவு 10:15

தம்பி, முதலில் நான்கு கேள்வி. பந்தை எப்படிப் பிடிக்கிறீர்கள்? எறியும்போது எந்தக் கால் முன்னே போகிறது? கை எங்கிருந்து கிளம்புகிறது, காதுக்குப் பக்கத்திலா, உடம்புக்குப் பின்னாலா? எறிந்து முடித்ததும் எப்படி நிற்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு யாருக்கும் பதில் தெரியாது. கண்ணாடி முன் நின்று பந்தில்லாமல் எறிந்து பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

வலதுகளம் | 3 மார்ச், இரவு 10:51

பார்த்தேன். வீட்டில் இருப்பவர்கள் சிரித்ததுதான் மிச்சம்.

பந்து உள்ளங்கைக்குள் இருக்கிறது. கதவுக் குமிழைப் பிடிக்கிற மாதிரி ஐந்து விரலும் சுற்றி. இடது கால்தான் முன்னே போகிறது (ஒரு கண்டம் தப்பியது), ஆனால் அரை அடிதான். கை காதுக்குப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது, டார்ட் எறிவது போல. முடித்ததும் நேராக நிற்கிறேன், கையை முன்னால் நீட்டிக்கொண்டு, யாரையோ ரயிலேற்றிவிடுகிற மாதிரி. மார்பு ஆரம்பத்திலிருந்து கடைசி வரை எதிரில் இருப்பவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

பழைய_கேட்சர் | 4 மார்ச், காலை 6:30

உங்கள் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. முதலிலிருந்தே மார்பு எதிரே இருப்பவரைப் பார்க்கிறது என்றால், எறியும் வேலையில் உடம்பு கலந்துகொள்ளவே இல்லை. கை தனியாகக் கிடந்து மாரடிக்கிறது. தூரம் கூடினால் அது திணறும், அவசரப்படும், பந்தைச் சீக்கிரம் விட்டுவிடும். சீக்கிரம் விட்ட பந்து மேலேதான் போகும், கைப் பக்கமாகத்தான் விலகும்.

சரி, பிடியிலிருந்து வருவோம். பந்து 142 முதல் 149 கிராம். சுற்றளவு 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. கனமே இல்லை, இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. தையலைப் பாருங்கள், ஓரிடத்தில் குதிரை லாடம் மாதிரி வளைந்திருக்கும். அந்த வளைவின் குறுக்கே ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போகட்டும், நுனி இரண்டும் தையல் மேல் உட்காரட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி போதும். கட்டைவிரல் பந்துக்கு நேர் கீழே. மற்ற இரண்டும் மடங்கிப் பக்கவாட்டில் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லையா, நீங்கள் இன்னும் கதவைத் திறந்துகொண்டிருக்கிறீர்கள்.

இதற்கு ஃபோர் சீம் கிரிப் என்று பெயர். ஒரு சுற்றுக்கு நான்கு தையல் காற்றை வெட்டும். பந்து பின்பக்கமாக நேராகச் சுழன்றுகொண்டு போவதால் வளையாது. ஃபீல்டிங்கில் நின்று எறிபவருக்கு வேறு பிடியே வேண்டாம். டிவி பார்க்கும்போது பந்தை கிளவ்வுக்குள் போட்டு, பார்க்காமலே தையலைத் தடவிக் கண்டுபிடித்து எடுங்கள். நூறு முறை செய்தால் விரலுக்குத் தானே தெரிந்துவிடும்.

இனி கால். எல்லோரும் அவசரமாகத் தாண்டிப்போகிற இடம் இதுதான். ஷூவின் உள்பக்கத்தால் கால்பந்தைத் தட்டுவோமே, அந்த மாதிரி வலது பாதத்தின் உள்பக்கத்தை இலக்குக்குக் காட்டுங்கள். பாதம் அப்படித் திரும்பினால் இடுப்பும் திரும்பும், இடது தோள் தானாக இலக்கை நோக்கும். இப்போது நீங்கள் பக்கவாட்டில் நிற்கிறீர்கள். கிளவ்வும் பந்தும் மார்புக்கு முன்னால் சேர்ந்திருக்கட்டும்.

அங்கிருந்து இரண்டு கையும் ஒரே நேரத்தில் பிரிய வேண்டும். பந்துக் கை தொடைப் பக்கமாக இறங்கி, பின்னால் போய், மேலே ஏறும். கட்டைவிரல் முதலில் தொடையைப் பார்க்கும். ஏறும்போது விரல்கள் பந்தின் மேல் இருக்கும், பந்து உங்களுக்குப் பின்னால் இருப்பவரைப் பார்க்கும். விரல் பந்துக்கு அடியில் போய்விட்டால் தள்ளத்தான் முடியும், எறிய முடியாது. அதே நேரம் கிளவ் கை முன்னால் நீளும், இடது கால் இலக்கை நோக்கி நன்றாக எட்டி வைக்கும். அரை அடி கணக்கிலேயே சேர்த்தி இல்லை. இரண்டு பாதத்துக்கும் நடுவே தரையில் ஒரு கோடு போட்டால் அது நேராக இலக்கில் போய் முட்ட வேண்டும். வலது கைக்காரர் காலைக் கோட்டுக்கு இடப்பக்கமாக வெகுதூரம் வைத்தால் தோள் முன்பே திறந்துவிடும், பந்து வேலிக்குப் போகும். வலப்பக்கமாக வைத்தால் உடம்புக்குக் குறுக்கே எறிய வேண்டிவரும், இடுப்பு பூட்டிக்கொள்ளும்.

கால் ஊன்றிய பிறகுதான் மீதி எல்லாம். இடுப்பு திரும்பும், அப்புறம் மார்பு, அப்புறம் முழங்கை, கடைசியாகக் கை. கிளவ்வை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், வெளியே வீசி விடாதீர்கள். முடிக்கும்போது வலது கை இடது தொடையைத் தாண்டியிருக்கும், வலது கால் தானாக முன்னே வந்து விழும். ரயிலேற்றிவிடுவது இனி கிடையாது.

சும்மா_வந்தவன் | 4 மார்ச், காலை 8:05

ஒரு பந்தை எறிய இவ்வளவு சட்டதிட்டமா! முழங்கையை உயர்த்து, அவ்வளவுதான். எங்கள் கோச் பத்து வருடம் இந்த ஒரு வரியைத்தான் கத்தினார். அவருக்கு வேறு எதுவும் தெரியாது என்பது வேறு விஷயம்.

விசைமுடுக்கம் | 4 மார்ச், மதியம் 1:20

//முழங்கையை உயர்த்து, அவ்வளவுதான்//

இதில் பாதி சரி. மீதிப் பாதிதான் ஆளைக் கெடுக்கிறது. இந்த வரியைக் கேட்ட புதியவர் என்ன செய்கிறார்? தோளைக் காதுவரை தூக்கி, முழங்கையைத் தனியாக மேலே ஏற்றுகிறார். கழுத்து இறுகுகிறது, கை இன்னும் மெதுவாகிறது.

எழுந்து நின்று இதைச் செய்து பாருங்கள். விமானம் மாதிரி இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். வலது முழங்கையை மட்டும் 90 டிகிரி மடக்கி உள்ளங்கையை மேலே கொண்டு வாருங்கள். இப்போது இரண்டு தோளும் வலது முழங்கையும் ஒரே கோட்டில் இருக்கின்றன. அந்தக் கோட்டைக் குலைக்காமல் உடம்பை இடது பக்கம் சாய்த்துப் பாருங்கள். கை உயரே போய்விட்டதா? வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் கை பக்கவாட்டுக்கு இறங்கிவிட்டதா? தலைக்கு மேலிருந்து எறிபவருக்கும் பக்கவாட்டில் எறிபவருக்கும் பெரிய வித்தியாசம் உடம்பின் சாய்வில்தான். பந்து விடும் நேரத்தில் மேல்கைக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள கோணம் இருவருக்கும் ஏறத்தாழ அதே 90 டிகிரி. ஆக, முழங்கை தோள்கோட்டுக்குக் கீழே தொங்கக் கூடாது என்ற அளவில் உங்கள் கோச் சொன்னது சரி. அதற்கு மேல் தூக்க ஒன்றுமில்லை.

இன்னொன்று. சாட்டை மாதிரி எறிகிறார்கள் என்று சொல்வோமே, அது எங்கிருந்து வருகிறது? கால் ஊன்றி மார்பு முன்னால் திரும்பும்போது முன்கையும் பந்தும் பின்னாலேயே தங்கிவிடுகின்றன. மேல்கை எலும்பு தோளில் பின்புறமாக முறுக்கிக்கொள்கிறது. தொழில்முறை பிட்சர்களிடம் இந்த முறுக்கு 170 டிகிரிக்கு மேல் போகும், முன்கை கிட்டத்தட்ட படுத்தே விடும். அப்புறம் முறுக்கு அவிழ்கிற வேகம் விநாடிக்கு 7,000 டிகிரி அளவில். மனித உடம்பில் அளந்து பார்த்த அசைவுகளில் இதைவிட வேகமானது கிடையாது என்பார்கள். தோளைச் சுற்றிய தசைநாணும் தசைநாரும் ரப்பர் மாதிரி இழுபட்டு விசையைச் சேமித்து வைக்கின்றன என்று 2013இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. இதற்குத் தோதான தோள் நம் முன்னோர்களுக்கு ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அமைந்தது என்கிறார்கள். நம்மைவிடப் பலசாலியான சிம்பன்ஸியால் நம் வீட்டுப் பையன் அளவுக்குக்கூட எறிய முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த முறுக்கை நாமாகச் செய்வதில்லை. மார்பு முந்திப் போனால் கை தானாகப் பின்தங்கும். வலதுகளம் சாரிடம் மார்பு முதலிலேயே திரும்பி முடிந்துவிட்டது. பின்தங்க அவர் கைக்கு இடமே இல்லை.

தூரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸ் 90 அடி. மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால் பந்து போய்ச் சேர ஒரு விநாடி ஆகும். அந்த ஒரு விநாடியில் புவியீர்ப்பு அதை 5 மீட்டர் கீழே இழுக்கும். அவ்வளவு வேகத்திலேயே கொஞ்சம் வளைவு கொடுத்துத்தான் எறிய வேண்டும். உங்கள் வேகத்துக்கு இன்னும் அதிகம். நேர்கோட்டில் போக வேண்டும் என்று நினைத்தால் தரையில்தான் குத்தும். வளைவுக்கு வெட்கப்படாதீர்கள்.

மூட்டுக்காரி | 4 மார்ச், மாலை 5:48

நான் பிசியோதெரபிஸ்ட். எல்லோரும் எறிவதைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர் முழங்கை வலிக்கிறது என்று எழுதியதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

வலதுகளம், எறிந்த மறுநாள் தோளின் பின்பக்கத் தசையோ மேல்கையோ கனமாக இருந்தால் அது வேலை செய்த வலி, இரண்டு நாளில் போய்விடும். முழங்கையின் உள்பக்கம், அந்த எலும்பு முட்டு இருக்கும் இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் வலிப்பது வேறு கதை. முன்கை பின்னால் படுக்கிறதே, அப்போது மூட்டு பிளந்துகொள்ளாமல் பிடித்து வைப்பது அங்கே இருக்கும் ஒரு சிறிய தசைநார். அமெரிக்காவின் டாட்ஜர்ஸ் அணியில் ஆடிய டாமி ஜான் என்ற பிட்சருக்கு 1974இல் அறுந்தது அதுதான். அவருடைய மற்றொரு கையிலிருந்து தசைநாண் எடுத்து வைத்துக் கட்டினார் டாக்டர் ஃபிராங்க் ஜோப். 1976இல் களத்துக்குத் திரும்பியவர் அதற்குப் பிறகும் 164 ஆட்டங்கள் ஜெயித்தார். அந்த அறுவை சிகிச்சைக்கே அவர் பெயர்தான்.

உங்களுக்கு அப்படி ஆகிவிட்டது என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும், சூடேற்றாமல், முழு பலத்தோடு, கையால் மட்டும் எறிந்தால் எந்த 36 வயது முழங்கையும் புகார் செய்யும். இரண்டு வாரம் பந்தைத் தொடாதீர்கள். அதற்குள் குறையவில்லை என்றாலோ, சுண்டுவிரல் மரத்துப்போனாலோ நேரில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள், இங்கே கேட்காதீர்கள். திரும்ப ஆரம்பிக்கும்போது முதலில் ஓடி வேர்த்துவிட்டு, அப்புறம் பந்தை எடுங்கள். எறிந்து எறிந்தே உடம்பைச் சூடேற்றுவது என்பது குளிர்ந்த ரப்பரை இழுக்கிற வேலை.

இடதுகையின்_அம்மா | 5 மார்ச், காலை 11:10

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு 9 வயது, இடது கைக்காரி. அவளுக்கும் இதே பாடம்தானா?

முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இடது கைக்காரி என்பதால் இடது கையில் மாட்டும் கிளவ்வை வாங்கிக்கொடுத்துவிட்டேன். எறிகிற கையில் கிளவ் மாட்ட மாட்டார்கள் என்பது உறைக்கவே இல்லை. குழந்தை இரண்டு மாதம் இடது கையில் பிடித்து, கிளவ்வைக் கழற்றிக் கீழே போட்டு, பந்தை எடுத்து எறிந்துகொண்டிருந்தாள். இவள் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறாள் என்று எல்லோரும் கேட்டார்கள். ஒரு நாள் எதிர் அணிப் பிள்ளை ஒன்றுதான், "ஆன்ட்டி, அவள் கிளவ்வைத் தப்பான கையில் போட்டிருக்கிறாள்" என்றது.

பழைய_கேட்சர் | 5 மார்ச், மதியம் 12:02

அம்மா, உங்கள் மகள் கெட்டிக்காரி. இரண்டு மாதம் அப்படி ஆடியவள் இனி எப்படியும் ஆடுவாள்.

பாடம் அதேதான், இடமும் வலமும் மட்டும் மாறும். சின்னக் கையாக இருந்தால் மேலே இரண்டு விரலுக்குப் பதில் மூன்று விரல் வைக்கட்டும், கை வளர்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம். மிருதுவான பந்தில் தொடங்குவது நல்லது. முகத்தில் பட்டுவிடுமோ என்ற பயம் ஒட்டிக்கொண்டால் எறிவதும் சேர்ந்து கெடும். ரொம்பச் சின்னப் பிள்ளைகள் எறிகிற கையும் அதே பக்கத்துக் காலும் ஒன்றாக முன்னே போகிற மாதிரி எறிவார்கள். உங்கள் மகளிடம் அது இருந்தால் வலது கால் வர வேண்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு பாதம் வரைந்து வையுங்கள். வாயால் சொன்னால் குழம்புவார்கள், படத்தை மிதித்துவிடுவார்கள்.

மூட்டுக்காரி | 5 மார்ச், மதியம் 12:40

ஒன்று சேர்க்கிறேன். அந்த வயதில் முழங்கை உள்பக்க முட்டில் எலும்பு இன்னும் ஒட்டி முடிந்திருக்காது, வளர்தட்டு குருத்தெலும்பாக இருக்கும். பெரியவர்களுக்குத் தசைநார் என்றால் பிள்ளைகளுக்கு அடிபடுவது அந்தத் தட்டு. மகள் பிட்ச் செய்ய ஆரம்பித்தால் எண்ணிக்கையைப் பாருங்கள். அமெரிக்காவில் மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் தந்த பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதல்படி 9, 10 வயதுக்கு ஒரு நாளைக்கு 75 பிட்ச்தான் உச்சவரம்பு. அது வரம்புதான், எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு அல்ல. கை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு எண்ணிக்கை பூஜ்யம்.

வலதுகளம் | 29 மார்ச், இரவு 8:30

கொஞ்ச நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். மூட்டுக்காரி சொன்னபடி இரண்டு வாரம் பந்தைத் தொடவில்லை. வலி போனது. அப்புறம் பத்து நாளாகத் தினமும் 20 நிமிடம்.

முதலில் வலது முழங்காலைத் தரையில் ஊன்றி, இடது முழங்காலை உயர்த்தி, 15 அடியில் ஒரு வலையை நோக்கி எறிந்தேன். ஒரு பழைய பந்தில் விரல்கள் போகிற திசையிலேயே கருப்பு மார்க்கரால் சுற்றி ஒரு கோடு போட்டேன். சுழற்சி நேராக இருந்தால் கோடு கோடாகவே தெரியும் என்று எங்கோ படித்தது. முதல் நாள் கோடும் இல்லை, ஒன்றும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கலங்கல். தள்ளாடுகிற பம்பரத்தை மேலிருந்து பார்த்த மாதிரி இருந்தது. விரல் பந்தின் பக்கவாட்டைச் சீவிக்கொண்டு வருகிறது என்று புரிந்தது.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, ஒரே ஒரு பந்து. அதை விட்டபோது நடுவிரல் நுனியில் தையல் உரசிப் போனது தனியாகத் தெரிந்தது. சின்னதாக ஒரு 'ஸ்ஸ்' சத்தம். நிமிர்ந்து பார்த்தால் கருப்புக் கோடு கத்தியால் கீறின மாதிரி நிற்கிறது, பந்து அதன் மேல் உருண்டுகொண்டு போகிறது. அடுத்த பதினைந்து பந்து மறுபடி கலங்கல். ஆனாலும் அந்த ஒன்றைப் பார்த்துவிட்டேனே.

இப்போது புதுப் பிரச்சினை. எழுந்து நின்று 40 அடியில் எறிந்தால் பந்து இடப்பக்கம் கீழே போகிறது. வேலி போய் இப்போது புல்லு.

பழைய_கேட்சர் | 29 மார்ச், இரவு 9:05

இனிப்புக் கொடுக்க வேண்டிய செய்தி. முன்பு சீக்கிரம் விட்டீர்கள், இப்போது தாமதமாக விடுகிறீர்கள். நடுவிலிருக்கும் இடத்தைத் தாண்டி வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், திரும்பிப் போகும்போது பிடித்துக்கொள்ளலாம். தலையை மட்டும் கவனியுங்கள். பலம் போடுகிறேன் என்று தலையை இடப்பக்கம் வெட்டி இழுத்தால் பந்தும் கூடவே வரும். மூக்கு இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும்.

விசைமுடுக்கம் | 30 மார்ச், காலை 7:15

முழங்காலில் நின்று எறியும் பயிற்சி எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு இருந்த கோளாறே காலையும் இடுப்பையும் விட்டுவிட்டுக் கையால் எறிந்ததுதான். அவரையே காலை மடக்கி உட்கார வைத்துக் கையால் எறியச் சொன்னால் கோளாறுக்கே பயிற்சி கொடுத்ததாகாதா?

பழைய_கேட்சர் | 30 மார்ச், காலை 8:40

ஐந்து நிமிடம், பந்தின் சுழற்சிக்காக மட்டும். ஒரே நேரத்தில் கால், இடுப்பு, விரல் மூன்றையும் கவனி என்றால் எந்த மனிதனாலும் முடியாது. காலை ஓரமாக வைத்தால்தான் விரலைக் கவனிக்க முடியும். அவர் கருப்புக் கோட்டைப் பார்த்தது முழங்காலில் நின்றபோதுதானே?

விசைமுடுக்கம் | 30 மார்ச், காலை 9:12

பார்த்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நின்றவுடன் புல்லுக்குப் போனதே? முழங்காலில் கை பழகிய நேரம் வேறு, கால் சேரும்போது தேவைப்படும் நேரம் வேறு. நான் சொல்வது, நின்றே செய்யட்டும். பாதங்களை அகல வைத்து, எட்டு வைக்காமல், எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்றி எறியட்டும். விரலையும் கவனிக்கலாம், இடுப்பும் வேலையில் இருக்கும்.

பழைய_கேட்சர் | 30 மார்ச், காலை 9:30

சரி, அதையும் செய்யட்டும். ஆனால் முழங்கால் பயிற்சியை நான் விடுவதாக இல்லை. 40 வருடப் பழக்கம்.

முன்னாள்_இரண்டாம்பேஸ் | 2 ஏப்ரல், இரவு 11:25

மௌனமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று சொல்லலாமா? இவ்வளவு விவரம் தெரிந்துகொள்வதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. நான் எட்டு வருடம் செகண்ட் பேஸ் (இரண்டாவது பேஸ் பக்கத்தில் நிற்கிற இடம்) ஆடினேன். ஒரு நாள் 40 அடி தூரத்துக்கு, யாரும் ஓடி வராத ஒரு பந்தை, சாவகாசமாக எறிந்து தவறவிட்டேன். அடுத்த முறை எறியும்போது கையைப் பற்றி யோசித்தேன். அதற்கடுத்த முறை முழங்கையை. அந்த சீசன் முழுக்க எனக்கு எறியத் தெரியவில்லை.

எனக்கு மட்டும் வந்த நோய் இல்லை. டாட்ஜர்ஸின் ஸ்டீவ் சாக்ஸ் 1982இல் சிறந்த அறிமுக வீரர் விருது வாங்கினார். 1983இல் 30 தவறுகள், பெரும்பாலும் செகண்ட் பேஸிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போகிற அந்தச் சாதாரண எறிதலில். பிறகு மீண்டு வந்துவிட்டார்.

அதனால் பயிற்சி நேரத்தில் என்ன வேண்டுமானாலும் யோசியுங்கள். ஆட்டத்தில் பந்து கைக்கு வந்ததும் பிடிப்பவர் சட்டையில் ஒரு பட்டனைப் பாருங்கள். அது மட்டும் போதும்.

வலதுகளம் | 3 ஏப்ரல், காலை 7:02

பட்டன். குறித்துக்கொண்டேன். யோசிப்பதை நிறுத்துவதுதான் எனக்கு எறிவதைவிடக் கஷ்டம்.

இடதுகையின்_அம்மா | 12 ஏப்ரல், மாலை 6:20

சாக்பீஸ் பாதம் வேலை செய்தது! நான்கு நாள் மிதித்தாள். ஐந்தாம் நாள் மழையில் அழிந்துவிட்டது, ஆனால் கால் சரியாகத்தான் வந்தது. எல்லா இடத்திலும் ஆட விடுவார்களா என்று கேட்கிறாள். இடது கைக்காரர்களை ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே) நிறுத்த மாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பழைய_கேட்சர் | 12 ஏப்ரல், மாலை 7:00

பெரியவர்கள் ஆட்டத்தில் பெரும்பாலும் அப்படித்தான். அங்கிருந்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிய இடது கைக்காரர் உடம்பை முழுக்கத் திருப்ப வேண்டும், நேரம் போய்விடும். 9 வயதில் எல்லா இடத்திலும் ஆடட்டும். ஃபர்ஸ்ட் பேஸிலும் பிட்சர் மேட்டிலும் இடது கையைத் தேடிப் பிடித்து நிறுத்துவார்கள் என்று அவளிடம் சொல்லுங்கள்.

வலதுகளம் | 26 ஏப்ரல், இரவு 9:55

இன்றைக்கு ஆட்டம். நான்காவது இன்னிங்ஸ், ஒருவன் ரைட் ஃபீல்டுக்குத் தரையோடு அடித்தான். ஓடிப்போய்க் குனிந்து எடுத்தேன். தையல் உடனே கிடைக்கவில்லை, ஒரு முறை உருட்டினேன். நிமிர்ந்தால் ஃபர்ஸ்ட் பேஸ்காரர் எனக்கும் அவருடைய பேஸுக்கும் நடுவே வந்து நிற்கிறார், அதே மனிதர். அடித்தவன் பேஸைச் சுற்றி இரண்டாவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வலது பாதம் திரும்பியது ஞாபகம் இருக்கிறது. மற்றது எதுவும் ஞாபகமில்லை. பட்டன் தெரியவில்லை, அவர் போட்டிருந்தது டி ஷர்ட். பந்து அவருக்கு நான்கு அடி முன்னால் ஒரு முறை குத்தி, இடுப்பு உயரத்தில் கிளவ்வுக்குள் போனது. அழகான எறிதல் இல்லை. ஓடியவன் திரும்பிப் பேஸுக்கே வந்துவிட்டான்.

ஃபர்ஸ்ட் பேஸ்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஆறாவது இன்னிங்ஸில் மறுபடி என் பக்கம் பந்து வந்தபோது, நான் எடுப்பதற்கு முன்பே கிளவ்வை உயர்த்திக் காட்டிக்கொண்டு நின்றார்.

முழங்கை இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. நாளைக் காலை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அவுட்ஃபீல்டர்கள் எறிவதற்கு முன் ஒரு துள்ளல் போடுகிறார்களே, அதை எப்போது ஆரம்பிக்கலாம்?

பழைய_கேட்சர் | 26 ஏப்ரல், இரவு 10:08

க்ரோ ஹாப். ஓடி வந்த வேகத்தை வீணாக்காமல் வலது காலில் துள்ளி இறங்கி எறிவது. இறங்கும்போது அந்த வலது பாதம் இதே மாதிரி குறுக்கே திரும்பியிருக்க வேண்டும், வேறு ரகசியம் இல்லை. ஒரு மாதம் போகட்டும். அப்புறம் தனி இழை போடுங்கள்.

சும்மா_வந்தவன் | 26 ஏப்ரல், இரவு 10:31

எல்லாம் சரி, கடைசியில் முழங்கையை உயர்த்தினீர்களா இல்லையா?

வலதுகளம் | 26 ஏப்ரல், இரவு 10:33

விமானம் மாதிரி.